பொட்டு வைக்க மறந்த வேலி

1

நான் இருக்கும் ஊருக்குப் போன கிழமை பிறந்தநாள் கொண்டாடினார்கள். ஊருக்கும் பிறந்தநாள் உண்டா என்று என் சொந்த ஊரான கோப்பாயில் இருந்து வாசிக்கிறவர்கள் சிரிக்கவேண்டாம். எங்கள் ஊர் எப்போது உண்டானது என்று யாராவது கேட்டால், இராசாக்கள் காலம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு நாங்கள் தப்பிவிடுவோம். இங்கே அது நடக்காது. எந்த மாதம், எந்தக் கிழமை, யார் யார் கையெழுத்து வைத்தார்கள் என்பதையெல்லாம் எழுதி, கண்ணாடி போட்டுச் சுவரில் கொழுவியிருக்கிறார்கள்.

கொண்டாட்டம் என்றால் ஊர்வலந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேளம் அடித்துக்கொண்டு நடந்தார்கள். தீயணைக்கும் வண்டியைத் துடைத்து மினுக்கி, ஊரிலேயே வயது கூடிய கிழவரை அதன்மேல் இருத்திக் கொண்டுபோனார்கள். நானும் தொப்பி போட்டு, கையில் ஒரு கடதாசிக் கொடியோடு, இந்த ஊருக்குக் கொடி பிடிக்கவே பிறந்தவன் போன்ற முகத்தோடு தெருவோரத்தில் நின்றேன். எனக்குப் பின்னால் நின்ற ஒரு சீமாட்டி, வெளியூரில் இருந்து வந்த தன் தங்கைக்கு ஊரின் விசேடங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். அது வங்கி, அது நூல்நிலையம், இவர்தான் வேலிக்காரர் என்றார்.

வேலிக்காரர் நான்தான். வெள்ளைப் பாதிரிமாரிடம் இங்கிலீசு படித்து, கடல் கடந்து வந்து, ரசாயன சாஸ்திரத்தில் பட்டம் வாங்கி, பெயர்பெற்ற ஒரு பெயின்ற் தொழிற்சாலையில் கண்ணாடிக் குழாய்களோடு மாரடிக்கிறேன். இத்தனை செய்தும் ஊரார் வாயில் நின்றது வேலிதான்.

இந்தப் பத்திரிகையின் பத்திராதிபர் ஐயா, அமெரிக்காவைப் பற்றி ஏதாவது எழுதுங்கள், வானத்தை முட்டும் மாளிகைகளைப் பற்றி எழுதுங்கள் என்று இரண்டு தரம் கேட்டிருந்தார். நான் இருக்கும் ஊரில் வானத்தை முட்டுவது தீயணைப்புக் கொட்டகையின் மணிக்கூண்டு ஒன்றுதான். அதுவும் முட்டாது. ஆகவே வேலியைப் பற்றி எழுதுகிறேன். இந்தக் கதை வேறு யாருடைய வாய்வழியாகவாவது யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தால் அதற்குக் கையும் காலும் முளைத்திருக்கும். நானே எழுதிவிடுவது மரியாதை.

2

முதலில் ஊர். இந்த மாதிரி ஊரை இவர்கள் பரோ என்கிறார்கள். பட்டினமும் இல்லை, கிராமமும் இல்லை. இந்த மூலையில் இருந்து அந்த மூலைக்கு நடந்துபோய்த் திரும்பி வந்தாலும் போட்ட தேநீர் ஆறாது. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால், தம்பி, எங்கடை பெடியனும் சோதனை பாஸ் பண்ணிப்போட்டுச் சும்மா நிற்கிறான் என்று வலிகாமம் முழுவதும் எனக்குத் தபால் எழுதும்.

ஒரு தெரு, இரண்டு பக்கமும் கடை. ஒரு ரயில் நிலையம். மூன்று தேவாலயங்கள், மூன்றுக்கும் தங்களுக்குள் ஒத்துவராது, ஆனால் வெளியே புன்னகை. காலையில் ஆண்பிள்ளைகள் எல்லோரும் ஒரே ரயிலில் பெரிய பட்டினத்துக்கு வேலைக்குப் போவார்கள். மாலையில் அதே பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். நானும் அப்படியே போகிறேன், வருகிறேன். பத்திரிகையையும் மடிக்கிறேன். நடுப்பகலுக்குத் தீயணைப்புக் கொட்டகையில் சங்கு ஊதும். வந்த புதிதில் அதைக் கேட்டுவிட்டு என் மனைவி பிள்ளையையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். எதிர்வீட்டார், நேரம் பன்னிரண்டு என்று விரலால் காட்டித் திருப்பி அனுப்பினார்களாம்.

ஊரை ஆள்வது நகரபிதாவும் ஆறு அங்கத்தவர்களும். நகரபிதா என்றதும் சங்கிலி போட்ட பெரிய மனிதர் என்று நினைக்கவேண்டாம். அவர் இரும்புக்கடை வைத்திருக்கிறார். காலையில் ஆணி நிறுத்துத் தருவார், மாலையில் சட்டம் இயற்றுவார். கோப்பாயில் ஊரை ஆளும் விதானையார் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் வாய் திறப்பார். இவர் முழங்கைவரை எண்ணெய்க் கறையோடு ஊரைப் பரிபாலிக்கிறார்.

சட்டத்துக்குக் குறைவில்லை. பனி கொட்டினால் வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதையை நாமே வழிக்கவேண்டும். புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்தால் கடிதம் வரும். கோப்பாயில் புல்லை மாடு தின்னும். இங்கே சனிக்கிழமைதோறும் ஒரு மெசினைத் தள்ளிக்கொண்டு நானே மேய்கிறேன்.

இந்த ஊர் பிறந்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. முன்பு இது பக்கத்து ஊரோடு ஒன்றாக இருந்ததாம். பள்ளிக்கூடம் எந்தப் பக்கம், தெருவுக்குக் கல் போடுவது யார் பணத்தில் என்று தகராறு வந்து, எல்லை போட்டுப் பிரிந்துகொண்டார்கள். முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்காத குறை. எல்லைச் சண்டையில் பிறந்த ஊர்! யாழ்ப்பாணத்தான் ஒருவன் இதைவிடப் பொருத்தமான இடத்தில் வந்து குடியேற முடியுமா? ஆனால் அந்த எல்லைக்கு உள்ளே ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவில் வேலிக்கு ஒரு கதியால்கூட நட்டிருக்கவில்லை. புல்தரை தெருமுனையில் தொடங்கி மறுமுனைவரை ஒரே விரிப்பாகக் கிடந்தது. இதை நான் அப்போதே கவனித்து யோசித்திருக்கவேண்டும்.

3

என் மனைவியின் பெயர் இரத்தினம். உரும்பிராய்ப் பெண். வெளிநாட்டார் வரும் கதவை இந்தத் தேசம் அறைந்து சாத்துவதற்குச் சற்று முன்னால், மாணவனின் மனைவி என்ற பெயரில் அவளையும் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டேன். அந்தக் கதவைப் பற்றி ஒன்று சொல்லிவைக்கவேண்டும். உள்ளே இருக்கிறவர் இருக்கலாம். வெளியே போனால் எங்களைப் போன்றவர்களுக்குத் திரும்பி வர வழியில்லை. பிரசையாகவும் முடியாது. இங்கே பிறந்த எங்கள் மகள் மட்டும் அமெரிக்கப் பிரசை. ஒரே வீட்டில் ஒருத்தி பிரசை, இரண்டு பேர் விருந்தாளி.

மகளின் பெயர் கமலாம்பிகை. பள்ளிக்கூடத்தில் அது நீளம் என்று கேமி ஆக்கிவிட்டார்கள். முதலில் வீட்டில் கமலா, பள்ளிக்கூடத்தில் கேமி என்று இருந்தது. பிறகு கமலா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நேரம் எடுத்தது. இப்போது பதினொரு வயது. தாய் பேசுவது முக்கால்வாசி விளங்கும், மிச்சத்தை ஊகித்துக்கொள்வாள். அந்த ஊகத்தால் வந்த நன்மையைப் பிறகு சொல்கிறேன்.

பத்து வருடம் தொழிற்சாலைப் பட்டினத்தில் மாடி வீட்டு அறைகளில் இருந்தோம். பிறகு நாட்டில் பணமுடை வந்து வீடுகள் மலிந்தபோது இந்தப் பரோவில் வளவோடு ஒரு வீடு கிடைத்தது. தரகர் நாங்கள் எந்தச் சாதி மனிதர் என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். இலங்கை என்றேன். அப்படியானால் தேயிலையா என்றார். யாழ்ப்பாணத்தில் தேயிலை இல்லை, புகையிலை என்று விளக்கினேன். புகையிலை என்றதும் அவருக்கு மனம் தெளிந்து, சுருட்டு ஒன்றை நீட்டினார்.

குடிவந்த முதல் நாளே பக்கத்து வீட்டுக் கிழவி சமையற் குசினிக் கதவால் உள்ளே வந்தார். தட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. கையில் ஒரு அப்பிள் பணியாரம். பெயர் மிஸஸ் வானோர்டன். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் மேற்கே எங்கோ. இவருடைய முன்னோர் ஒல்லாந்தில் இருந்து வந்து இந்தப் பக்கத்தில் தோட்டம் செய்தவர்கள். எங்களுக்கு அந்தப் பெயர் வாயில் படியவில்லை. இரத்தினம் அவரை வானோரம்மா ஆக்கிவிட்டாள். தேவலோகத்துப் பெயர் கிடைத்தது அவருக்குத் தெரியாது.

நான் பணியாரத்தை வாங்கிக்கொண்டு புத்தக இங்கிலீசில் நன்றி நவின்றுகொண்டிருக்க, இரத்தினம் எனக்குப் பின்னால் நின்று, மேலே கக்கூசுக் கதவு பூட்டுதில்லை, முதலில் அதைப் பாருங்கோ என்று முணுமுணுத்தாள். கிழவி சட்டென்று நிமிர்ந்தார். கக்கூசு என்ற அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லும்படி கேட்டார். இரத்தினம் வெட்கத்தோடு சொன்னாள். கிழவி கதிரையில் இருந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவருடைய பாட்டன் வாயில் கேட்ட சொல்லாம், நாற்பது ஐம்பது வருடமாக ஒருவரும் தன் காதில் போடவில்லையாம். ஒல்லாந்தர் எங்கள் கோட்டையைக் கட்டி, எங்கள் புகையிலைக்கு வரி போட்டு, கடைசியில் விட்டுப்போன ஒரு சொல் இந்த இரண்டு பெண்களையும் சிநேகிதராக்கியது.

அதன்பிறகு கிழவி நாள் தவறாமல் வந்தார். இருவருக்கும் பொதுவாக அந்த ஒரு சொல்லைத் தவிர ஒரு பாஷையும் இல்லை. ஆனாலும் மணிக்கணக்காகக் கதைத்தார்கள். நான் ரயிலால் இறங்கி வரும்போது குசினியில் கேட்கும் சிரிப்பை வைத்து, அன்று எத்தனை கோப்பை தேநீர் போனது என்று சொல்லலாம்.

4

ஆனால் இரத்தினம் வளவில் இறங்கமாட்டாள். குசினிப் படிவரை வருவாள். அதற்கு அப்பால் ஒரு அடி இல்லை. தலை முழுகினால் ஈரத்தலையோடு நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் உலைக்குப் பக்கத்தில் நின்று காயவைப்பாள். துணியை மேல்மாடிக்குள் காயப்போடுவாள். நல்ல வெயில் எரிக்கும் நாளில் கண்ணாடிக்கு உள்ளே நின்று வெயிலைப் பார்ப்பாள்.

ஒரு வைகாசி மாதம் பொறுமை போய்விட்டது. "இஞ்சேருங்கோ, வேலியில்லாத வளவுக்குள்ளை மனிசர் எப்பிடி இறங்கிறது? தபால்காறனும் பாக்கிறான், பால்காறனும் பாக்கிறான். நடுச்சந்தியிலை குடியிருக்கிற மாதிரியெல்லோ கிடக்கு" என்றாள்.

மெய்தானே என்று எனக்கும் பட்டது. வேலியில்லாத வளவு எங்களுக்கு வளவா? ஊரில் சகோதரங்களுக்கு நடுவிலும் வேலி உண்டு. வேலியை அரை முழம் தள்ளி அடைத்துவிட்டான் என்று பிறக்கிராசி, அப்புக்காத்து என்று வக்கீல்மாருக்குக் காணியையே கொடுத்துத் தீர்த்தவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அந்த இரத்தம் எனக்குள்ளும் ஓடுகிறது அல்லவா? வேலி அடைக்கும் எண்ணம் வந்ததும் என் கை தானாகவே துருதுருத்தது.

இதில் ஒரு சங்கடம். எனக்கு வேலி அடைக்கத் தெரியாது. கோப்பாயில் வேலி அடைத்த நாட்களில் நான் மாமர நிழலில் இருந்து இங்கிலீசு இலக்கணம் மனனம் செய்தவன். பின்னிய தென்னோலைக் கிடுகு ஒன்றை எடுத்துக் கொடுக்கச் சொன்னாலும், படிக்கிற பிள்ளை, விடுங்கோ என்பார்கள். அந்தச் செல்லத்தின் பலனை இங்கே அநுபவித்தேன். கிடுகுக்குப் பதிலாகச் சதுப்பு நிலத்தில் நாணல் வெட்டினேன். கதியாலுக்கு, வேதாகமத்தில் அலரி என்று சொல்லும் ஓடைக்கரை வில்லோ மரத்தில் கொம்பு வெட்டினேன். கம்பியும் ஆணியும் நகரபிதாவின் கடையில் வாங்கினேன். என்ன கட்டப்போகிறீர்கள் என்று அவர் கேட்டார். வேலி என்றேன். நல்லது என்று சொல்லிப் பணத்தை எண்ணிப் போட்டார். சட்டம் அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மூன்று சனி ஞாயிறு பாடுபட்டேன். கையெல்லாம் கீறல். கட்டினதைப் பார்த்தால், மது குடித்த மனிதன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கோலம். ஆனால் உயரம் இருந்தது. என் தலைக்கு மேலே ஒரு சாண். தெருப்பக்கத்துப் படலைக் கதவைத் தவிர, முன்னாலும் இரண்டு பக்கமும் பின்னாலும் ஒரு கண்கூட நுழைய முடியாமல் அடைத்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி நின்றார்.

அன்று பின்னேரம் இரத்தினம் வளவில் இறங்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்தாள். தலையை அவிழ்த்து விட்டு வெயிலில் இருந்தாள். அடுத்த நாள் மண்ணைக் கொத்திக் கத்தரியும் வெண்டியும் போட்டாள். வாயில் ஏதோ ஒரு பாட்டு. கலியாணம் முடித்து இத்தனை காலத்தில் அவள் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது.

அந்த மகிழ்ச்சியில் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டேன். வானோரம்மா வருவது நின்றுவிட்டது.

5

இரண்டு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. அநுமதியின்றி அளவுக்கு மிஞ்சிய உயரத்தில் வேலி அடைத்திருக்கிறோம், இது அயலுக்கு உபத்திரவம், அடுத்த திங்கட்கிழமை சபை முன்னிலையில் வந்து காரணம் சொல்லாவிட்டால் பிடுங்கப்படும் என்று எழுதியிருந்தது. கடிதத்தின் அடியில் நகரபிதாவின் கையெழுத்து. நான் வாங்கிய கம்பிக்குப் பற்றுச்சீட்டிலும் அதே கையெழுத்துத்தான். முறைப்பாடு செய்தவர் பெயர் நடுவில் இருந்தது. மிஸஸ் வானோர்டன்.

அதை இரத்தினத்துக்குச் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். மகள் என் தோளுக்கு மேலால் வாசித்துச் சொல்லிவிட்டாள்.

இரத்தினம் சோற்றைப் போட்டுத் தந்தாள், தான் சாப்பிடவில்லை. பிறகு சொன்னாள்: "ஆரோ ஒருத்தன் எழுதியிருந்தா எனக்குக் கவலையில்லை. அவவே எழுதிப்போட்டா. உந்த வேலியைப் பிடுங்கினா என்னையும் பிள்ளையையும் கப்பலேத்தி விடுங்கோ. நீங்கள் இஞ்சை புல்லு வெட்டிக்கொண்டு இருங்கோ."

இரத்தினம் கோபத்தில் ஒரு சொல் சொல்லி மறுநாள் மறக்கிறவள் அல்ல. போனால் திரும்பி வர முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். மேலே போய் றங்குப்பெட்டியை இழுத்து வெளியே எடுத்துத் தூசி தட்டினாள். பட்டுச் சாறிகள் முதலில் உள்ளே போயின. சபையில் வென்றால் மனைவி இருப்பாள், தோற்றால் போவாள் என்ற நிலைக்கு வந்துவிட்டது. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள கப்பற் கந்தோருக்குப் போய்ப் பயணத்துக்கு இடம் பதிந்துவிட்டு வந்தேன். அவள் கேட்டதைச் செய்துவிட்டேன் என்று காட்டினால் அவள் கோபம் சற்று ஆறும் என்பது என் கணக்கு. ஆறவில்லை. எந்தத் திகதி என்று மட்டும் கேட்டாள்.

சபை கூடுவது தீயணைப்புக் கொட்டகையின் மேல்மாடியில். கீழே தண்ணீர்க் குழாய் வண்டி, மேலே நீதி. நான் ஒரு பிரசங்கம் ஆயத்தம் பண்ணியிருந்தேன். ஆதிகாலந்தொட்டு என்று தொடங்கி, யாழ்ப்பாணத்து மக்களின் மானத்தையும் ஒழுக்கத்தையும் சொல்லி, சுதந்திர தேவியில் முடியும். கண்ணாடிக்கு முன்னால் மூன்று தரம் பேசிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பிடித்திருந்தது.

இரத்தினமும் வந்தாள். வரவேண்டாம் என்றேன், முகத்தைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் என்றாள். நீலச் சாறி, தலையில் முக்காடு, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. பக்கத்தில் மகள், தன் தாயையும் தகப்பனையும் இன்னார் என்று தெரியாதவள்போல் ஒரு கதிரை தள்ளி இருந்தாள்.

நகரபிதா சட்டத்தை வாசித்தார். நான் எழும்பி ஆதிகாலந்தொட்டு என்று தொடங்கினேன். அப்போது மிஸஸ் வானோர்டன், தான் ஒன்று கேட்கலாமா என்றார். கையில் தடி. வேலி உயரமோ பதிவோ என்பது தனக்கு முக்கியம் இல்லை என்றார். அந்த இரண்டு வளவுகளுக்கும் நடுவில் என் வாழ்நாளில் ஒன்றும் நின்றதில்லை. நான் குசினிக் கதவால் போய்வந்தேன். மூன்று கிழமைக்குள் சுவர்போல் ஒன்று எழும்பி நிற்கிறது. அவர்களுக்கு நான் என்ன பிழை செய்தேன் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அதைக் கேட்கத்தான் முறைப்பாடு எழுதினேன், வேறு வழி தெரியவில்லை என்று சொல்லிவிட்டு இருந்தார்.

ஆதிகாலந்தொட்டு எழுதிய கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவ என்ன சொன்னவ என்று இரத்தினம் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். சொன்னேன். அவள் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. பிறகு என்மேல் பாய்ந்தாள்.

"ஐயோ, பொட்டுக்கெல்லோ நான் பாத்துக்கொண்டு இருந்தனான். அவ ஒரு நாணலை விலக்கியிருந்தா நான் மற்றதை விலக்கியிருப்பன். அவவாத்தான் வைப்பா எண்டு இருந்தனான். சொல்லுங்கோ அவவுக்கு."

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேறு பக்கத்தில் இருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வேலிகளில் பொட்டு என்று ஒரு துவாரம் இருக்கும். ஒரு ஆள் குனிந்து நுழையலாம். சிலது ஒரு கறிச் சட்டி நீட்டும் அளவு. படலை ஆண்களுக்கு, பொட்டு பெண்களுக்கு. உப்பு, புளி, நெருப்பு, ஊர்க்கதை எல்லாம் அதனால்தான் போய்வரும். அதை ஒருவரும் திட்டம் போட்டு வைப்பதில்லை. வேலி அடைத்த மறுநாள் இந்தப் பக்கத்துப் பெண் ஒரு ஓலையை விலக்குவாள், அந்தப் பக்கத்துப் பெண் இன்னொன்றை விலக்குவாள். ஒருத்தி விலக்கவில்லை என்றால் கோபம் என்று அர்த்தம். புதிதாகக் குடிவந்தவள் முந்திக்கொள்வது மரியாதை இல்லை. ஆகவே இரத்தினம் உள்ளே காத்திருந்தாள். வானோரம்மா நாணல் விலக்கவில்லை. அவவுக்குக் கோபம் என்று இவள் நினைத்தாள். இவளுக்குக் கோபம் என்று அவர் நினைத்தார். நடுவில் வேலி கட்டிய மகான் இருக்கிறேனே, பொட்டு என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்பதையே மறந்துபோனேன்.

இத்தனையையும் நான் இங்கிலீசில் சொல்லவேண்டும். பொட்டுக்கு இங்கிலீசு என்ன? ஓட்டை என்றால் கேவலம், வாசல் என்றால் பொய். நான் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்க, மகள் எழும்பினாள். தகப்பனின் அவமானம் தாங்காமல் எழும்பினாளோ, தாயின் கண்ணீர் தாங்காமல் எழும்பினாளோ தெரியாது. தெளிவான அமெரிக்கக் குரலில், என் தாய்க்கு மிஸஸ் வானோர்டன்மேல் ஒரு கோபமும் இல்லை, வேலிக்கு ஒரு பொட்டு வைக்கவேண்டும், அதை அயல்வீட்டுக்காரிதான் முதலில் வைக்கவேண்டும், அதற்காக என் தாய் ஒவ்வொரு நாளும் காத்திருந்தாள் என்றாள்.

பிள்ளைக்குத் தெரிந்த பொட்டு ஒன்றுதான். அதைத் தன் நெற்றியில் விரலால் தொட்டுக் காட்டினாள்.

சபை முழுவதும் இரத்தினத்தின் நெற்றியைப் பார்த்தது. நகரபிதா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். எழுதுவினைஞர், பொட்டின் விட்டம் எவ்வளவு என்று கேட்டார். நான் எழும்பித் திருத்தியிருக்கலாம். ஆனால் பிழையான மொழிபெயர்ப்பு என் வேலியைத் தாங்கிக்கொண்டு நின்ற நேரத்தில் அதைத் திருத்த நான் என்ன விசரனா? முன்பக்கத்தை இடுப்பளவுக்கு வெட்டவேண்டும், மற்றப் பக்கங்களைப் பற்றி, பொட்டு வைத்தபின் அடுத்த மாதம் யோசிக்கலாம் என்று தீர்மானமாயிற்று. அது குறிப்பில் எழுதப்பட்டு, ஆறு பேரும் கை உயர்த்தினார்கள்.

6

மறுநாள் காலை நான் ரயிலுக்குப் புறப்படும் நேரம். வேலிக்கு அப்பால் தடி ஊன்றும் சத்தம் கேட்டது. முன்பக்கத்தால் சுற்றிப்போய் எட்டிப் பார்த்தேன். வானோரம்மா ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் சிவப்புப் பெயின்ற் பேணி, மறுகையில் தூரிகை, வேலிக்கு முன்னால் நின்றார். எங்கள் தொழிற்சாலைச் சரக்குத்தான், பேணியைப் பார்த்ததும் தெரிந்தது. மிகுந்த கவனத்தோடு, நாக்கைக் கடித்துக்கொண்டு, முகம் மட்டத்தில் நாணலில் ஒரு வட்டம் போட்டார்.

பெயின்ற் நாணல் இடுக்கால் உள்ளே வடிந்திருக்கிறது. உள்ளே கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த இரத்தினம் அதைக் கண்டாள். நான் பார்த்துக்கொண்டு நிற்க, அந்தச் சிவப்பு வட்டத்தின் நடுவால் நாலு விரல் வெளியே வந்தன. நாணல் ஒன்று விலகியது. கிழவி திடுக்கிட்டார், பிறகு விளங்கிக்கொண்டார். தூரிகையைப் பேணியில் போட்டுவிட்டு, தானும் ஒரு நாணலைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் இழுத்தார்கள். இருவர் கையும் சாறியும் தொப்பியும் எல்லாம் சிவப்பு. அன்று எனக்கு ரயில் தவறிவிட்டது.

கிழவிக்கு முழங்கால் வாதம். குனிந்து நுழைய முடியவில்லை. ஆகவே இரத்தினம் அடுத்த கிழமை மேலும் நாலு நாணலைப் பிடுங்கினாள். தடி தட்டுப்படுகிறது என்று ஒரு கதியாலைப் பிடுங்கினாள். தேநீர்த் தட்டோடு போய்வர இடம் போதாது என்று இன்னும் இரண்டு. இப்போது அந்தப் பொட்டால் ஒரு வண்டியும் மாடும் தாராளமாகப் போகலாம். அந்தப் பக்கத்தில் வேலி என்று சொல்ல மிஞ்சியிருப்பது இலை துளிர்த்த ஐந்தாறு அலரிக் கொம்புகள்தான். ஆனாலும் அவளுக்கு அது பொட்டு. வேலி இருக்கிறது, வேலியில் பொட்டு இருக்கிறது என்ற தைரியத்தில் ஈரத்தலையோடு வளவில் இருக்கிறாள். நான் அந்தப் பக்கம் போனால் இரண்டு பேரும் கதையை நிறுத்துகிறார்கள். என்ன பாஷையில் கதைக்கிறார்கள் என்பது இன்னும் எனக்குத் தெரியாது. என் பெயர் மட்டும் அடிக்கடி கேட்கிறது, பிறகு சிரிப்பு.

சபை அடுத்த மாதம் ஒருவரை அனுப்பிப் பார்த்தது. வந்தவர் பொட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிப் போனார். வேலியையும் அதிகம் காணவில்லை என்று எழுதிவைத்தாராம்.

றங்குப்பெட்டி மட்டும் அறையின் நடுவில் கிடந்தது. நான் இரவும் பகலும் அதைத் தாண்டி நடந்தேன். வாய் திறந்து கேட்கப் பயம். ஒருநாள் பார்த்தால் சாறிகள் அலுமாரிக்குத் திரும்பியிருந்தன. "கப்பல்காறனுக்குச் சொல்லிப்போடுங்கோ" என்றாள், வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல். "அவவின்ரை முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சிப் பூசிக்கொண்டு வாறன். இடையிலை விட்டுட்டுப் போகேலாது."

எனக்குத் தலையில் இருந்து ஒரு மலை இறங்கியது. மதியச் சாப்பாட்டைக் கையில் பிடித்துக்கொண்டே கப்பற் கந்தோருக்கு ஓடினேன். பதிந்த இடங்கள் வேண்டாம் என்றேன். அங்கிருந்த மனிதர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூன்றையுமா என்று கேட்டார்.

இரத்தினம் கேட்டது இரண்டு. தனக்கும் பிள்ளைக்கும். அன்று அதே மனிதர், எத்தனை பேர் என்று கேட்டபோது, என் வாய் மூன்று என்று சொல்லியிருக்கிறது. வாய் தவறியது என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். நான் நம்பமாட்டேன். அவள் போய்விடுவாளோ என்று பயந்தேன் என்று மேலே எழுதியது பொய் இல்லை. ஆனால் அவள் கோபத்துக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நானும் போய்விடலாம் என்ற ஆசை எனக்கு இருந்திருக்கிறது. காங்கேசன்துறை ரயிலில் வந்து இறங்கும்போது, ஏன் வந்தாய் என்று ஊர் கேட்டால், பெண்சாதி நிற்கமாட்டேன் என்றாள், நான் என்ன செய்ய என்று சொல்லலாம் அல்லவா? நானாக அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. இத்தனை வருடமும் வரவில்லை. இனிமேல் அந்தச் சாட்டும் இல்லை. அவள் இங்கே வேரோடிவிட்டாள்.

அவர் பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். மூன்றையுமா என்று மறுபடியும் கேட்டார்.

ஓம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பிறகு இங்கிலீசில் சொன்னேன்.